வங்கதேசம் விற்றது சட்டை, கற்றது தொழில்

வெளிநாட்டு வணிகம் ஏழை நாட்டை வளர்க்குமா, சுரண்டுமா என்ற வழக்கில் இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது வங்கதேசத்தைத்தான். 1971இல் போரின் நடுவே பிறந்தபோது அந்நாட்டுக்கு ஏற்றுமதி என்றாலே சணல்தான். இன்று உலகச் சந்தையில் திருப்பூரோடு போட்டியிடும் அதன் ஏற்றுமதி வருவாயில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. சுமார் 40 லட்சம் பேருக்கு அதில் வேலை; பெரும்பாலோர் பெண்கள். துறைமுகத்தைத் திறந்துவிட்டதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. வணிகம் தரும் டாலரைவிட, அதனுடன் வரும் தொழிலறிவும் அது பரவ நாட்டுக்குள் செய்யப்படும் ஏற்பாடுகளுமே வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன.

1974 முதல் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா விதித்தன. அதில் நெருக்கடிக்குள்ளான தென் கொரியாவின் தேவூ நிறுவனம், கோட்டாத் தொல்லை இல்லாத வங்கதேசத்தில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனத்துடன் 1978இல் ஒப்பந்தம் செய்தது. தேஷ் ஊழியர்கள் 130 பேர் தென் கொரியாவின் புசான் நகருக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் 115 பேர் 1980களில் தேஷிலிருந்து விலகி, சொந்தமாகவோ பிறருடன் சேர்ந்தோ ஆடைத் தொழிலில் இறங்கினார்கள். ஒரு நிறுவனத்தின் இழப்பு நாட்டுக்கு முதலானது. அரசும் இரண்டு முட்டுக்கட்டைகளை நீக்கியது. ஏற்றுமதிக்கான துணியைச் சுங்கவரி இல்லாமல் இறக்கிக் கிடங்கில் வைக்க அனுமதித்தது. வெளிநாட்டு வாங்குநரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி.யை (கடன் உறுதிக் கடிதம்) காட்டியே துணி வாங்க இன்னொரு எல்.சி. பெறவும் வழி செய்தது. கைமுதல் இல்லாதவரும் ஆலை தொடங்க முடிந்தது. ஏற்றுமதி மட்டும் போதாது என்பதற்கு ஆப்பிரிக்காவின் ஜாம்பியா சான்று. செம்பை நம்பியிருந்த அதுவும் ஏற்றுமதி நாடுதான். ஆனால் 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்ததும் அதன் பொருளாதாரமும் சரிந்தது. சுரங்கத்தில் கற்றதைக் கொண்டு ஊருக்கு ஊர் தொழில் தொடங்க வழியில்லை.

இது மலிவான கூலியை விற்ற கதைதானே என்று கேட்பவர்களை ஒதுக்க முடியாது. 2013 ஏப்ரல் 24 அன்று ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். அந்தக் குற்றம் கண்காணிக்காத அரசுக்கும், விலையை மட்டுமே பார்த்த வாங்குநர்களுக்கும் உரியது. அதன்பின் உலகப் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தால் ஆலைகள் சோதிக்கப்பட்டதும், ஆலைகள்மீது வாங்குபவருக்கு இருந்த பிடியால்தான். அதே வேளையில் வறுமையும் குறைந்தது. தேசியக் கணக்குப்படி 1990களின் தொடக்கத்தில் பாதிக்கும் மேலானோர் வறுமையில் இருந்தார்கள். 2016இல் அது ஏறத்தாழ நால்வரில் ஒருவராகக் குறைந்தது. வேளாண்மைக்கும் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஆடைத் தொழிலைக் கழித்துவிட்டு இந்த மாற்றத்தை விளக்க முடியாது.

உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதி வரி வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வங்கதேசம் அந்த வரியை உயர்த்தியே வைத்திருக்கிறது. அதனால் பல பொருள்களை வெளியே விற்பதைவிட உள்ளூரில் விற்பதே லாபம். ஆடைக்குக் கிடைத்த சலுகைகள் தோல் உள்ளிட்ட மற்றத் தொழில்களுக்கு அதே எளிமையில் கிடைக்கவில்லை. ஒரே பொருளை நம்பி நிற்கும் நிலை இப்படித்தான் வந்தது. மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசத்தை 2026இல் விடுவிக்க ஐ.நா. பொதுச்சபை 2021இல் தீர்மானித்தது. வெளியேறியபின், அந்தப் பட்டியலில் இருப்பதால் பணக்கார நாடுகளில் கிடைக்கும் வரிச் சலுகைகள் படிப்படியாகக் குறையும். 1980களில் ஆடைக்குத் திறந்த வழியை மற்றத் தொழில்களுக்கும் திறப்பதே டாக்கா அரசு இனி செய்யவேண்டிய வேலை.