கைமாறும் வாக்கு

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கென்று ஒரு செப்புக்காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. அம்மன் காசு என்பார்கள். சமஸ்தானத்துக்குள் புழங்குவதற்காக அடித்த காசு அது. அதே சீமையின் ராயவரம், அரிமளம், கோனாபட்டு ஊர்களிலிருந்து கப்பலேறிய நகரத்தார் எழுதிய உண்டியல் என்ற பணச்சீட்டோ ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் பணமாக மாறியது. அரசர் அடித்த செம்பு எல்லையோடு நிற்க, வணிகர் எழுதிய காகிதம் கடல் தாண்டியது.

ஒருவர் கொடுத்த வாக்கு, காகிதத்தில் ஏறியதும் அவரை விட்டுப் பிரிந்து கைமாறிப் போய்ப் பணத்தின் வேலையைச் செய்கிறதே, அது பேரதிசயம். இன்று நம் கடைவீதிகளில் அந்த வேலையைச் செய்வது புரோநோட்டு. அதை ஆளுவது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்.

ஆதனக்கோட்டை முந்திரி வியாபாரி ஒருவர் கொட்டை வாங்க 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் எழுதிக் கொடுக்கும் புரோநோட்டின் உயிர் இந்த வாக்கியத்தில் இருக்கிறது: ‘மேற்படி தொகையை வட்டியுடன், தாங்கள் கேட்கும்போது, தங்களிடமாவது தங்கள் உத்தரவு பெற்றவரிடமாவது செலுத்துவேன்.’

ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை செய்கிறது. ‘கேட்கும்போது’ என்பதால்தான் சிறிய ரெவின்யூ ஸ்டாம்ப் போதுமானதாகிறது. ‘ஆறு மாதம் கழித்து’ என்று எழுதினால் முத்திரைக் கட்டணம் தொகைக்கேற்ப ஏறும். ‘செலுத்துவேன்’ என்பதில் நிபந்தனை கூடாது. ‘பருப்பு விற்றதும் தருகிறேன்’ என்று எழுதினால் அது வெறும் ஒப்பந்தம், புரோநோட்டு அல்ல. ‘உத்தரவு பெற்றவர்’ என்ற சொல், கடன் கொடுத்தவர் நோட்டை இன்னொருவருக்கு மேடோவர் செய்ய, அதாவது எழுதி மாற்றிக் கொடுக்க, வழி திறக்கிறது. அது விடுபட்டு, சாட்சிக் கையெழுத்தும் இருந்தால், இது புரோநோட்டா, வேறு முத்திரைக் கட்டணம் கேட்கும் கடன் பத்திரமா என்ற வழக்கு கிளம்பும்.

‘இதைக் கொண்டுவருபவருக்குத் தருவேன்’ என்று மட்டும் எழுதவே முடியாது. 100 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவருக்குப் பணம் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்ட வாக்குறுதி அதில் இருக்கும். அதுவும் புரோநோட்டின் ரத்த உறவுதான். நீங்களும் நானும் அப்படி எழுதத் தொடங்கினால் ஊருக்கு ஊர் தனிப் பணம் முளைத்துவிடும். அதனால்தான் 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைத் தனியாருக்குத் தடை செய்கிறது.

ஸ்டாம்பைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். அது சடங்கு அல்ல. மற்றப் பல ஆவணங்களில் முத்திரை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. முத்திரையில்லாத நோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போடுவதும் அதை மறுபடி பயன்படுத்த முடியாமல் செய்வதற்குத்தான். அப்படிச் செல்லாததாக்காத ஸ்டாம்ப், ஒட்டாத ஸ்டாம்புக்குச் சமம்.

கடைக்காகக் கடன் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுகிறோம் என்று நோட்டில் காட்டாவிட்டால், கையெழுத்திட்டவரே சொந்தப் பொறுப்பில் கடனாளி ஆகலாம். பங்குதாரர் ஒருவர் அவசரத்தில் போட்ட கையெழுத்து அவர் வீட்டைத் தேடி வருவது இப்படித்தான். தொகை 20,000 ரூபாயை எட்டினால் ரொக்கத்தில் வாங்காமல் வங்கி வழியாக வாங்கி, அந்த விவரத்தையும் நோட்டில் எழுதுவது நல்லது. ரொக்கம் என்றால் வருமான வரிச் சட்டத்தின் அபராதம் காத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வெற்று நோட்டு. ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். கையெழுத்து உண்மை என்று ஆகிவிட்டால், பணம் கைமாறியதாகக் கோர்ட் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் சுமை கையெழுத்திட்டவர் தலையில் விழும். மறுபுறம், நிரப்பி முடித்த நோட்டில் தொகையையோ தேதியையோ ஒருவர் சம்மதமில்லாமல் திருத்தினால் நோட்டே செத்துவிடும்.

இத்தனை பலமுள்ள காகிதத்துக்கும் ஆயுள் உண்டு. கேட்கும்போது தரவேண்டிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதை எழுத்தில் பதிந்தாலோ கெடு புதிதாகத் தொடங்கும்.

கடையில் அச்சடித்த படிவம் கிடைக்கும்போது வக்கீல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படிவத்துக்கு உங்கள் தொழில் கூட்டா தனியா, கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் நிபந்தனை என்ன என்று கேட்கத் தெரியாது. கொடுத்தவரும் வாங்கியவரும், இருவரையும் அறியாத ஒரு நீதிபதியும் ஒரே பொருளில் படிக்கும்படி எழுதினால்தான் அந்த வாக்கு நிற்கும். அந்தக் கேள்விகளைப் பணம் கைமாறும் முன்பே கேட்டு எழுதித் தருபவருக்குக் கொடுக்கும் கட்டணம், வழக்குக்கு அலையும் செலவைவிடச் சிறியது.