முக்கோணப் புலத்தின் சுற்றுப் பட்டை

வாய்க்கால் ஒரு புறமும் வண்டிப் பாதை மறு புறமும் அறுத்துச் செல்லும் ஊர்களில் முக்கோணப் புலங்கள் உண்டு. அத்தகைய புலத்தின் நடுவே மஞ்சளும் சுற்றிலும் ஆமணக்கும் பயிரிட்டால், ஆமணக்குப் பட்டையின் பரப்பு எவ்வளவு? களையெடுப்புக் கூலி சென்டுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டிருப்பின், இக்கேள்வியிலேயே பிணக்கு தொடங்கிவிடும்.

பக்கங்கள் 260, 280, 300 அடி எனவும், பட்டையின் அகலம் எங்கும் 20 அடி எனவும் கொள்வோம். கூலியாட்கள் வெளி வரப்பை அளக்கின்றனர். சுற்றளவு 840 அடி. 20 அடியால் பெருக்க 16,800 சதுர அடி. நிலத்துக்காரரோ உள் வரப்பை அளக்கிறார். 630 அடி, பெருக்க 12,600 சதுர அடி. வித்தியாசம் ஒன்பதரை சென்டுக்கும் மேல்! இருவரும் பொய் கூறவில்லை. மூலைகளே ஏமாற்றுகின்றன. வெளியளவில் மூலைகள் மிகையாகச் சேர்கின்றன. உள்ளளவில் அவை முற்றிலும் விடுபடுகின்றன.

வெளி மூலை ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு நேரான உள் மூலைக்குக் கயிறு பிடித்தால், பட்டை மூன்று சரிவகத் துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் வெளிப் பக்கம், உள் பக்கம் ஆகியவற்றின் சராசரியை அகலத்தால் பெருக்கவேண்டும். மொத்தத்தில், 840, 630 இவற்றின் சராசரி 735. 20 மடங்கு 14,700 சதுர அடி. இது 33¾ சென்டு. இருவர் கணக்கும் உண்மையிலிருந்து 2,100 சதுர அடி விலகி நின்றன, ஒன்று மேலே, மற்றொன்று கீழே.

ஐயமுள்ளோர் வேறு வழியாகவும் சரிபார்க்கலாம். மூன்று பக்கங்களைக் கொண்டே பரப்புக் காணும் ஹீரோனின் விதிப்படி, சுற்றளவில் பாதி 420. அதிலிருந்து பக்கங்களைத் தனித்தனியே கழிக்க 160, 140, 120. இந்நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 33,600. உள் முக்கோணத்தின் பக்கங்கள் 195, 210, 225. அதன் பரப்பு 18,900. கழித்தால் அதே 14,700 கிடைக்கிறது. பட்டையின் அகலம் பக்கத்துக்குப் பக்கம் மாறினாலோ, உள் முக்கோணம் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தாலோ, சராசரி முறையை நம்பலாகாது. இந்தக் கழித்தல் முறையே துணை.

உருவம் ஒன்றாயிருப்பின் இன்னும் சுருக்கமான வழி உண்டு. மேற்கண்ட புலத்தில் உள் பக்கம் வெளிப் பக்கத்தின் முக்கால். ஆகவே பரப்பு பதினாறில் ஒன்பது, பட்டை பதினாறில் ஏழு. இருபதடிதானே என்று விட்ட ஓரம் ஏறக்குறையப் பாதிப் புலத்தை எடுத்துக்கொண்டது!

இவ்வழி நெசவாளருக்கும் உதவும். முந்தானையில் முக்கோணச் சரிகை உருவுக்குள், அகலத்திலும் உயரத்திலும் பாதியளவான முக்கோணத்தை வெற்றாக விட்டால், சரிகையில் பாதி மிச்சமாகாது. கால் பங்கே மிச்சமாகும். சரிகை இழை பின்புறம் ஓடாமல் உருவின் எல்லையிலேயே திரும்பும் நெசவுக்கே இக்கணக்கு. பாதி மிச்சமென்று எண்ணிச் சரிகை வழங்கினால், மூன்றில் இரு பங்கு உரு முடிந்த அளவில் சரிகை தீர்ந்துவிடும்.