இரத்த அழுத்த மாத்திரை எதையெல்லாம் காக்கிறது?

இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி நீடித்தால் இதயத்தின் இடது கீழறை கூடுதல் விசையோடு உழைக்க வேண்டியிருக்கும். நாளடைவில் அதன் சுவர் தடித்து, விறைத்து, கடைசியில் தளர்ந்துபோகலாம். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் சேதமடைந்து சிறுநீரில் புரதம் ஒழுகும். பக்கவாதமும் விழித்திரைப் பாதிப்பும் இதே வழியில் வருபவை. இவ்வளவு நடந்தும் பெரும்பாலோருக்குத் தலைவலிகூட இருப்பதில்லை, அதுதான் வில்லங்கம்.

எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற மருந்துகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு, புரதம் ஒழுகும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தையும் காக்கின்றன. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அம்லோடிபின் சாப்பிடுவோரில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இவற்றுக்கெல்லாம் மாற்று மருந்து உண்டு. தாமாக நிறுத்துவதுதான் தவறு.

அழுத்தத்தை எதுவரை குறைக்கலாம்? 2015-இல் வெளியான அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மேல் அளவுக்கு 140-க்குப் பதில் 120-ஐ இலக்காக வைத்தவர்களிடம் இதயப் பாதிப்புகளும் மரணமும் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தன. மயக்கமும் சிறுநீரகத் தொல்லையும் சற்றே கூடின. சர்க்கரை நோயாளிகள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அந்த இலக்கு எல்லாருக்குமானதல்ல.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அழுத்தம் சரியாகிவிட்டதென்று மாத்திரையை விட்டால் அது பெரும்பாலும் மறுபடி ஏறிவிடும்.