பட்டாவில் யார் பெயர்?

மாலை நேரத்தில் குமணன்சாவடிச் சந்திப்பில் ஈரச் சாக்கை விரித்து, அரைக்கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூந்தமல்லியைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலம் உண்டு. இன்று செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் சென்னையின் குழாய்களுக்குப் போகிறது, வயல்கள் மனைகளாகிவிட்டன. விற்ற பணம் பத்திரத்தில் பெயர் இருந்தவருக்குப் போனது. நாற்று நட்டுக் களை பறித்தவளுக்குக் கூலி வேலையும் போனது.

இது ஓர் ஊர்க் கதையல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தம் பொறுப்பில் நிலம் வைத்துச் சாகுபடி செய்வோரில் பெண்கள் 13.96 சதவீதம்தான். நிலம் தன் பெயரில் இல்லாதவளுக்குப் பயிர்க்கடன் குதிரைக்கொம்பு, பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாயும் இல்லை. ஆப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் கணவன் இறந்தால் நிலமும் கைவிட்டுப் போகிறது. ஆண்களுக்குக் கிடைக்கும் விதை, உரம், கடன் வசதிகள் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடும், பசித்திருப்போர் 10 முதல் 15 கோடி வரை குறைவார்கள் என்று ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2011இல் கணக்கிட்டது.

பெண் பெயரில் நிலம் இல்லாத இந்தக் குறைக்குக் கீழத்தஞ்சையில் ஒரு வழி கண்டார்கள். 1968இல் கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பின் அந்தப் பகுதிக்குப் போன காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் - ஜெகந்நாதன் தம்பதி, 1981இல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதார்களிடம் பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏறக்குறைய ஒவ்வோர் ஏக்கராகக் கொடுத்தார்கள். பத்திரம் எழுதியது பெண்கள் பெயரில். சுமார் 13,000 குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன.

பத்திரம் இருந்தும் மண் உப்பாகிவிட்டால் என்ன செய்வது? இறால் பண்ணைகள் நாகைக் கடலோர வயல்களைக் கெடுத்தபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் குட்டைகளுக்குத் தடை வந்தது.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. ஆனாலும் சீர் செய்த கணக்கைச் சொல்லி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. ஐ.நா. 2026ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக அறிவித்திருக்கிறது. மெட்ரோ வந்து மனை விலை ஏறும் பூந்தமல்லிப் பக்கத்துப் பெண்கள், அந்தக் கையெழுத்தைப் போடுமுன் தங்கள் பாகம் எவ்வளவு என்று கேட்கட்டும்.