பாட்டியின் குரலும் பதினாறு மெகாபைட்டும்

ஏப்ரல் மாதத்தில் மாலை நான்கு மணிக்குக் கிள்ளானில் இடி இடிப்பது ஒரு செய்தியே இல்லை. அன்றும் இடித்தது. நான் வானொலி நிலையத்தில் மாலை நிகழ்ச்சியில் இருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "கரண்டு போய்ப் போய் வருதும்மா. உன் ரூம்ல இருக்கிற பெட்டி டக்கு டக்குனு சத்தம் போடுது."

அந்தப் பெட்டியில் பாட்டியின் குரல் இருந்தது. அவர் இறப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்துப் பதிவு செய்த 31 உரையாடல்கள். விடியற்காலைப் பெரட்டு, பால்மரக் காடு, லயத்து வீட்டுச் சண்டைகள், தோட்டத்துக் கோயில் திருவிழா. நிலையத்துக்காக நான் எடுத்த நேர்காணல்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. சொந்தப் பாட்டியின் பேச்சுக்கு வேறு பிரதி கிடையாது. ரெக்கார்டரில் இடம் போதவில்லை என்று அதிலிருந்து அழித்தவளும் நான்தான்.

பெட்டி என்பது ஒரு பழைய கணினி. பினாங்கில் கணினித் துறையில் வேலை பார்க்கும் என் சித்தி மகன், ஒரு தீபாவளி விடுமுறையில் அதில் லினக்ஸ் போட்டு, 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தான். இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். 1988இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பரவிய பெயர் அது. எங்களுடையது ரெய்டு 5. மூன்று டிஸ்க்கில் 3, 5, 4 என்று எழுதி, கூட்டுத்தொகை 12ஐ நான்காவதில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒன்று அழிந்தாலும் மற்ற மூன்றை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு அழிந்தால் முடியாது.

அதன்மேல் ஒரு பூட்டும் உண்டு. முன்பு வீட்டில் ஒரு மடிக்கணினி திருடு போனதால், எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துவிடச் சொன்னேன். லினக்ஸில் அதற்கு லக்ஸ் என்ற முறை இருக்கிறது. கடவுச்சொல் தெரியாதவருக்கு உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து பார்த்தபோது பெட்டி எழும்பவில்லை. பிறகுதான் தெரிந்தது: ஒரு டிஸ்க் நான்கு மாதங்களுக்கு முன்பே செத்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சலும் ஒழுங்காகப் போயிருக்கிறது, நான் விட்டு வந்த பழைய வேலையிடத்து முகவரிக்கு. மிச்சமிருந்த மூன்றும் குறையில்லாமல் வேலை செய்ததால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அன்றைய மின்வெட்டில் இரண்டாவது டிஸ்க்கும் தடுமாறிவிட்டது.

பதற்றத்தில் ஒரு டிஸ்க்கைக் கழற்றி என் விண்டோஸ் மடிக்கணினியில் செருகினேன். அதற்கு லினக்ஸ் ரெய்டு என்றால் என்னவென்றே தெரியாது. இந்த டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்யவா என்று பணிவாகக் கேட்டது. விரல் மவுஸ்மேல் இருக்கும்போதே தம்பியைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"அக்கா, ஓகே அழுத்திட்டீங்களா?"

"இல்லடா."

"அப்படியே கழட்டுங்க. பெட்டியோட சுவிட்சையும் அடைங்க. சனிக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க."

வந்தவன் முதலில் கையில் எடுத்தது பேனா. எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது, அதன் வரிசை எண் என்ன என்று தாளில் எழுதினான். பிறகு ஒவ்வொரு டிஸ்க்கும் தன்மேல் எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்தான். அதில் நிகழ்வு எண் என்று ஒன்று இருக்கும். தோட்டத்துப் பெரட்டில் பேர் பதிவதுபோல, ரெய்டில் நடப்பதை எண்ணிக்கொண்டே வருவது. இரண்டு டிஸ்க்கில் ஒரே எண். தடுமாறிய டிஸ்க்கில் சில எண்களே குறைவு. பழைய டிஸ்க் சுழலவே இல்லை. "கொஞ்சம்தான் பின்னாடி இருக்கு, சேர்த்துடலாம்" என்றான்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தவறு, அதே டிஸ்க்குகளில் ரெய்டைப் புதிதாக உருவாக்கச் சொல்லிக் கட்டளை கொடுப்பதாம். பழைய குறிப்பின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். வரிசை மாறினால் தரவும் குழம்பிவிடும். தம்பி எதையும் எழுதவில்லை. என்னைக் கடைக்கு அனுப்பி மூன்று புதிய டிஸ்க் வாங்க வைத்தான். அந்த மாதக் கார் தவணையைவிட அதிகம், சொல்லாமல் கொடுத்தேன். டிடிரெஸ்க்யூ என்ற இலவசச் செயலியால் மூன்றையும் நகலெடுத்தான். அது சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நல்ல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய எட்டு மணி நேரம். மூன்றாவதுக்கு இரண்டு நாள். கடைசியில் மிகச் சிறிய இரண்டு பகுதிகள் மட்டும் வரவில்லை. அசல்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நகல்களை மட்டும் சேர்த்து, படிக்க மட்டுமே அனுமதித்து, ரெய்டைக் கட்டாயமாக எழுப்பினான்.

எழுந்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன். ஏற்கவில்லை. மறுபடி, நிதானமாக. ஏற்கவில்லை.

அப்போதுதான் லக்ஸின் குணம் எனக்குப் புரிந்தது. தரவைப் பூட்டுவது நம் கடவுச்சொல் அல்ல. கணினி தானே உருவாக்கிய வேறொரு சாவி. அந்தச் சாவி, நம் கடவுச்சொல்லால் மூடப்பட்டு, தொடக்கத்தில் உள்ள தலைப்புப் பகுதியில் கிடக்கிறது. அழிக்க நினைத்தால் முழுதாக அழிய வேண்டும் என்பதற்காக, அதை 4000 பட்டைகளாகப் பரப்பி எழுதுகிறார்கள். அதில் ஒரு துளி கெட்டாலும் சாவி கிடைக்காது. படிக்க முடியாமல் போன இரண்டு பகுதிகளில் ஒன்று சரியாக அங்கே விழுந்திருந்தது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த தீபாவளிக்கு ஒரு ஃபைல் அனுப்பினேனே, பத்திரமா வைங்கன்னு?" என்றான். 16 மெகாபைட். தலைப்புப் பகுதியின் நகல். என்னவென்று தெரியாமலே ஒரு பென்டிரைவில் போட்டிருந்தேன். அது அம்மாவின் தையல் டப்பாவில், ஊக்குகளுக்கு நடுவில் கிடைத்தது. அந்தக் கோப்பையே தலைப்பாகக் காட்டி மறுபடி கடவுச்சொல் கொடுத்தபோது பூட்டு திறந்தது. கோப்புகளின் பெயர்கள் திரையில் இறங்கின.

இப்போது அந்த 16 மெகாபைட் இரண்டு வீடுகளில் இருக்கிறது. கண்ட இடத்தில் போடவும் கூடாது. பிறகு கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய நகலோடு பழைய கடவுச்சொல் சேர்ந்தால் பூட்டு திறந்துவிடும். பதிவுகளின் முழுப் பிரதி ஒன்று ஈப்போவில் பெரியம்மா வீட்டில். ரெய்டு என்பது பிரதி ஆகாது என்று தம்பி அந்த தீபாவளிக்கே சொன்னானாம். நான் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

31இல் 30 முழுசாக வந்தன. வராமல் போன இன்னொரு பகுதி 17ஆம் பதிவின் நடுவில் விழுந்திருக்கிறது. காலியான இடத்தையும் லக்ஸ் தன் சாவியால் திறந்து பார்ப்பதால், அங்கே மௌனம் கேட்கவில்லை. கர்ரென்று முக்கால் விநாடி இரைச்சல். குழந்தையாக இருந்தபோது, அம்மா காய்ச்சலில் கிடக்க, தனக்கும் சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்த பக்கத்து லயத்துப் பெண்ணின் பெயரைப் பாட்டி சொல்லும் இடம் அது. ஹெட்போன் போட்டு நூறு முறை கேட்டுவிட்டேன். முதல் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அம்மா ஒரு பெயரைச் சொல்கிறார். ஈப்போவில் பெரியம்மா, அவள் இவளுடைய தங்கை என்கிறார். போன வாரமும் தொலைபேசியில் அரை மணி நேரம் இதே வாக்குவாதம்.