சேலத்து வானமும் கொச்சித் துறையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது ஓர் அடிக்கணக்கு. கிணற்றில் எத்தனை அடி, மேட்டூரில் எத்தனை அடி என்றுதான் நாங்கள் விசாரித்துக்கொள்வோம். இராசிபுரத்துக்கு அருகே பிறந்த நானும் அப்படி வளர்ந்தவனே. 2023 அக்டோபர் மாதக் கடைசியில், வாழ்நாளில் முதல்முறையாக ஆகாய விமானம் ஏறிக் கொச்சிக்குச் சென்றேன். அந்தப் பயணத்தில் கண்டதையும், அதனால் எனக்கு விளங்கியதையும் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. 1993-இல் திறக்கப்பட்டதாயினும், விமானம் வருவதும் நிற்பதுமாகவே அதன் வரலாறு கழிந்தது. 2018-இல் சென்னைக்குத் தொடங்கிய போக்குவரத்து 2021-இல் நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில்தான் பெங்களூர், கொச்சி முதலிய ஊர்களோடு மீண்டும் தொடர்பு ஏற்பட்டது. ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். அதை நீட்ட நிலம் எடுக்கும் முயற்சி 2018-இல் நடந்தபோது, சுற்றுப்புற உழவர்கள் எதிர்த்தனர். அவர்களுடைய வயல்களை ஓட்டியே விமானம் எழும்புகிறது. அவை மேலிருந்து பார்க்கும்போது சதுரங்கக் கட்டங்கள்போல் சிறுத்துத் தெரிகின்றன. பார்ப்பவனுக்குத்தான் அவை சிறியவை.

பெரிய ஜெட் விமானத்தை எதிர்பார்த்துச் சென்றேன். அங்கே நின்றதோ எழுபது பேர் அமரக்கூடிய, சுழலிகள் பொருத்திய ஏ.டி.ஆர். விமானம். குறுகிய ஓடுபாதைக்கு ஏற்றது அதுவே. அதன் இறக்கைகள் உடலின் மேற்புறத்தில் இருப்பதால், சன்னலோரம் அமர்ந்தவருக்குக் கீழே உள்ள காட்சி மறைவதில்லை. இத்தனை கனமான பொருள் எப்படி எழும்புகிறது? பட்டம் விடும் சிறுவன் ஏன் ஓடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். சாய்ந்த தாள் எதிர்க்காற்றைக் கீழே தள்ளுகிறது; காற்று தாளை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையும் அதையே செய்கிறது. வேண்டிய வேகம் வரும்வரை ஓடுபாதையில் ஓடியாக வேண்டும், அவ்வளவுதான். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், சக்கரம் தரையை விட்ட கணத்தில் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

விமானம் வளைந்து திரும்பியபோது சேர்வராயன் மலையும், வெள்ளைக்கல் சுரங்கங்களின் வெண்மையும் தோன்றி மறைந்தன. பிறகு வலப்புறத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம். 1934-இல் கட்டி முடிந்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அந்த ஆண்டு மேற்கு மலைகளில் மழை குறைந்ததால், அக்டோபர் 10-ஆம் நாள் நீர்மட்டம் சுமார் 30 அடிக்கு இறங்கி, பாசனத்துக்குத் திறப்பது நிறுத்தப்பட்டது. நான் பறந்த நாளில் சற்றே ஏறியிருந்தது. ஆயினும் நீரைச் சுற்றிலும் அகன்ற பழுப்புநிறக் கரை விளிம்பு கட்டியிருந்தது. அதைக் கண்டபிறகே ஓர் உண்மை மனத்தில் பதிந்தது. 120-இல் 30 அடி என்றால் நீர் கால்பங்கு இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். நீர்த்தேக்கமோ பள்ளத்தாக்கு, மேலே அகன்று அடியில் குறுகியது. 30 அடியில் உள்ள நீர் முழுக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சற்று நேரத்தில் இருபுறமும் மலைகள் நெருங்கின. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையே பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இந்த வாயில்தான் கொங்கு நாட்டுக்கும் மேலைக் கடலுக்கும் வழி. சேலத்தில் தொடங்கிக் கொச்சியின் இடைப்பள்ளியில் முடியும் 544-ஆம் எண் நெடுஞ்சாலையும், இரயில் பாதையும் இதன் வழியே செல்கின்றன. பண்டைக்காலத்தில் முசிறித் துறையில் இறங்கிய ரோமானியப் பொன்னும் இவ்வழியே கரூர்ப் பக்கம் வந்தது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் உள்ள முசிறி அன்று; இது சேரர் துறைமுகம்.

மலையின் கீழைச்சரிவு வெளிறியும் மேலைச்சரிவு கரும்பச்சையாகவும் இருந்தன. கடற்காற்று மலையேறும்போது குளிர்ந்து, கொண்டுவந்த நீரை மேற்கிலேயே பொழிந்துவிடுகிறது. கிழக்கே இறங்குவது வறண்ட காற்று. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. நம் சேலத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு.

நான் அஞ்சியது ஏறுவதற்கு, வலித்தது இறங்கும்போது. காதுக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் அழுத்தம் சமமாக வேண்டும். இரண்டையும் இணைக்கும் குழாய் தொண்டையில் திறக்கிறது. உயரே ஏறும்போது உட்காற்று தானே வெளியேறிவிடும். இறங்கும்போது அக்குழாய் ஒட்டிக்கொள்கிறது. எச்சில் விழுங்கினால் திறக்கும். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் மிட்டாய் கொடுத்து என்னைக் காப்பாற்றினார்.

கொச்சி விமான நிலையம் பெரியாற்றங்கரையை ஒட்டி நெடும்பாசேரியில் இருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அந்த ஆறு நிலையத்துக்குள் புகுந்து, இரண்டு வாரம் விமானங்களை நிறுத்தியது. 1341-இல் அதே ஆற்றில் வந்த பெருவெள்ளந்தான் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியில் கடல்வாயைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். ஒரு நகரின் சாவும் மற்றொன்றின் பிறப்பும் ஒரே வெள்ளத்தில்! பின்னர் 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்து மணல்திட்டைத் தோண்டிப் பெருங்கப்பலுக்கு வழி செய்தார். தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதே வில்லிங்டன் தீவு. ஏறத்தாழ அதே காலத்தில்தான் மேட்டூரில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நீரைத் தடுத்தார்கள். இங்கே உள்ளே விட்டார்கள்.

மாலையில் கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகளைப் பார்த்தேன். நீண்ட மரக்கழிகளின் ஒரு நுனியில் வலை. மறுநுனியில் கயிற்றில் கட்டிய கற்கள். நாலைந்து பேர் இழுத்ததும் வலை மேலெழுந்தது. எனக்கு அது சீனத்துப் பொருளாகத் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்து ஏற்றம்! பாரத்துக்கு எதிர்ப்பாரம் என்னும் அதே தத்துவம். ஏற்றத்தில் வந்தது கிணற்று நீர். இங்கே வந்தது கைப்பிடியளவு மீன். காயலின் நீரோட்டம் பகலில் ஒரு திசையிலும், இரவில் எதிர்த்திசையிலும் இருந்ததை வியப்போடு பார்த்தேன். கடலின் ஏற்றவற்றம் சுமார் ஆறு மணிக்கொருமுறை மாறுகிறது. காவிரியை மட்டும் அறிந்தவனுக்கு, திரும்பிப் போகும் தண்ணீர் புதுமை. இத்தனை நீர் சூழ்ந்தும் அது குடிக்க உதவாது. குடிநீர் ஆலுவாவிலிருந்து, அந்தப் பெரியாற்றிலிருந்தே வருகிறது.

மறுநாள் காலை ஒரு தேநீர்க் கடையருகே முட்டை அட்டைகளை ஒரு லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாமக்கல் வண்டி. இரவெல்லாம் கணவாய் வழியே ஓட்டிவந்த ஓட்டுநரிடம், நான் ஒரு மணி நேரத்தில் வந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"மேட்டூர்ல இப்ப எத்தன அடிங்க?" என்று கேட்டார்.

மேலிருந்து பார்த்ததை அவருக்குச் சொன்னேன்.