எட்டரை மணிக்குக் கொத்துக்கறி!

ராத்திரி எட்டு மணி. சேலம் புது பஸ் ஸ்டாண்டு ஆகட்டும், நாமக்கல் கடைவீதி ஆகட்டும், பரோட்டாக் கடை வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். தோளில் ஆபீஸ் பை, கழுத்தில் கழற்ற மறந்த ஐ.டி. கார்டு, முகத்தில் பசி. "அண்ணே, மூணு பரோட்டா, ஒரு கலக்கி!" என்ற குரல் எட்டரை வரைக்கும் ஓயாது. இந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் முப்பது வயதுக்குள் இருக்கிற ஆண்பிள்ளைகள். ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பாதி. கல்யாணமாகி, மனைவியும் வேலைக்குப் போவதால் "நீ டயர்டா இருப்பே, நான் பார்சல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பெருந்தன்மையோடு புறப்பட்டு வந்தவர்கள் மீதி.

பரோட்டா மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை. வாரத்தில் ஒருநாள் என்றால் அது விருந்து. ஆறு நாள் என்றால் அது தண்டனை.

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்றுதான் பார்க்க வரும். வயிறு என்பது ஒரு ஃபிக்ஸட் அசெட். ஒருமுறைதான் கொடுப்பார்கள். வண்டிக்குத் தேய்மானம் எழுதி, அப்புறம் அதை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கலாம். வயிற்றுக்குத் தேய்மானம் மட்டும்தான் எழுத முடியும். மாசம் இருபது ராத்திரி வெளியில் சாப்பிட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கீழே வரும் தொகையைப் பார்த்தால், பரோட்டா இறங்குவதற்கு முன்பே நெஞ்சு எரியும்.

"சரிங்க, வீட்டில் சமைச்சா என்ன?" என்று கேட்டால் மூன்று பதில் வரும். ஒன்று, நேரம் இல்லை. இரண்டு, தெரியாது. மூன்றாவது பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. அதன் பெயர் கொத்துக்கறி.

'கைமா' பண்ணிடுவேன்!

சினிமா ரௌடி, "உன்னைக் கைமா பண்ணிடுவேன்" என்று மிரட்டுவானே, அதே கைமாதான். கையால் கொத்துவதால் கைமா என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது தப்பு. துருக்கி மொழியில் 'கிய்மா' என்றால் பொடியாக நறுக்கிய கறி. அது பாரசீகம், உருது வழியாக நடந்து நம்ம ஊர்க் கறிக்கடைக்கு வந்து 'கைமா' ஆகிவிட்டது. நாம் அதற்கு அழகாகக் 'கொத்துக்கறி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இது ஏன் சீக்கிரம் வேகிறது? ஆட்டுக்கறித் துண்டில் நீள நீளமான தசைநார்கள் இருக்கும். அவற்றைக் கட்டிப்போட்டிருக்கிற சவ்வும் இருக்கும். அந்தச் சவ்வு இளகிக் கூழாவதற்குத்தான் நேரம் பிடிக்கும். குக்கரில் ஐந்தாறு விசில் விடுகிறோமே, அதெல்லாம் இந்தச் சவ்வுக்காகத்தான். கொத்துக்கறியில் அந்த வேலையைக் கத்தியே முடித்துவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டிய பாதி வேலையைக் கடைக்காரரே காலையில் செய்து கொடுத்துவிட்டார். மீதி, அடுப்பில் இருபது நிமிஷம்.

அமெரிக்காக்காரன் இந்த ரகசியத்தை எப்போதோ பிடித்துவிட்டான். அங்கே வேலைநாள் ராத்திரி என்றாலே பல வீடுகளில் மாட்டுக்கறிக் கொத்துதான். கடையில் ஒரு டப்பா வாங்குவான், சட்டியில் போட்டு வதக்குவான், கால் மணி நேரத்தில் மேஜைக்கு வந்துவிடும். நம்ம பக்கத்திலும் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே சொல்கிற முறை அப்படியே பொருந்தும். மூடி வேகவைக்கிற நேரத்தில் மட்டும் ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டால் போதும்.

பள்ளிபாளையம் சொல்லிக்கொடுத்த பாடம்

சரி, மசாலா? இங்கேதான் நம்ம நாமக்கல் மாவட்டம் கைகொடுக்கிறது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது பள்ளிபாளையம். விசைத்தறியும் பேப்பர் மில்லும் உள்ள ஊர். ஆனால் தமிழ்நாடு முழுக்க ஹோட்டல் மெனு கார்டில் அந்த ஊர்ப் பெயரை ஏற்றியது 'பள்ளிபாளையம் சிக்கன்'.

அதில் என்ன விசேஷம் என்றால், ஒன்றுமே இல்லாததுதான் விசேஷம். பட்டை, கிராம்பு இல்லை. மல்லித்தூள் இல்லை. தக்காளி இல்லை. அரைப்பது இல்லை, ஊறவைப்பது இல்லை. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். சிலர் பூண்டு சேர்ப்பார்கள்.

மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மிளகாயின் காரம் அதிகமாக இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கிற உள்சவ்வில். விதையை உதறும்போது அந்தச் சவ்விலும் கொஞ்சம் கழன்று போகும். அதனால் பத்து மிளகாய் போட்டாலும் வாசனை தூக்கலாக நிற்கும், காரம் கண்ணைப் பிடுங்காது.

மசாலா டப்பா ஏழு வாங்கி அடுக்க வேண்டியதில்லை என்பதால், ரூமில் தங்கியிருக்கிற பையனுக்கு இதைவிடத் தோதான பாணி கிடையாது. அந்தப் பாணியைக் கோழியிலிருந்து எடுத்துக் கொத்துக்கறிக்கு மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவே. கேரளாவில் மாட்டுக்கறி உலர்த்தும்போதும் தேங்காய்ப் பல் போடுவார்கள். கறிக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஏதோ பழைய சொந்தம் இருக்கத்தான் செய்கிறது.

கடையில் எப்படிக் கேட்பது?

மட்டன் விற்கிற விலையில் கால் கிலோவுக்கு மேல் கேட்கவே வாய் வராது. பரவாயில்லை. இரண்டு பேருக்குக் கால் கிலோ போதும். கடைக்குப் போய் இப்படிக் கேளுங்கள்: "ஏனுங்க பாய், தொடைக்கறியில எலும்பு இல்லாம தனிக்கறியா கால் கிலோ போடுங்க. கழுவிட்டு, அப்புறம் கொத்திக் குடுங்க."

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. கொத்தின பிறகு வீட்டில் போய்க் கழுவினால் சாரமெல்லாம் ஸிங்க்கோடு போய்விடும். கறியும் தண்ணீர் குடித்துவிடும். அதனால் துண்டாக இருக்கும்போதே கழுவச் சொல்லுங்கள். இரண்டாவது, கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கொழுப்பே இல்லாத கொத்துக்கறி மரத்தூள் மாதிரி வறண்டுபோகும்.

அடுப்பில் இருபது நிமிஷம்

தேவையானவை: கொத்துக்கறி கால் கிலோ, உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, வரமிளகாய் எட்டு அல்லது பத்து, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, மஞ்சள்தூள் கால் ஸ்பூன், கடலை எண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு.

முதலில் சோற்றை வைத்துவிடுங்கள். அல்லது கடை மாவு இருந்தால் தோசைக்கல்லை எடுத்து வையுங்கள். இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் ஓரம் சிவக்க நாலு நிமிஷம்.

இப்போது தீயைக் கூட்டிக் கறியைப் போடுங்கள். சட்டி முழுக்கப் பரப்பிவிட்டு... கரண்டியைக் கீழே வையுங்கள்! நம்ம ஆட்கள் இங்கேதான் அவசரப்பட்டுக் கிண்டோ கிண்டென்று கிண்டிவிடுவார்கள். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். கறி சிவந்து அந்த வறுவல் வாசனை வர 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். சட்டியில் ஈரம் நிற்கிற வரைக்கும் சூடு 100-ஐத் தாண்டாது, கறி அவிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டால் அடிப்பக்கம் சிவக்கும். அப்புறம் கட்டி கட்டியாக இருப்பதை உடைத்துவிட்டுக் கிளறுங்கள்.

மஞ்சள், உப்பு போட்டு, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, மிதமான தீயில் பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத்தில் முகம் கழுவலாம், ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கலாம். இந்த ஒருநாளாவது "நீ என்ன சாப்பிட்டே கண்ணு?" என்று அவர் திருப்பிக் கேட்கும்போது பொய் சொல்லாமல் பதில் சொல்லலாம்.

மூடியைத் திறந்து தேங்காய்ப் பல்லைப் போட்டு, தண்ணீர் சுண்டும்வரை மூன்று நிமிஷம் பிரட்டி இறக்குங்கள். மணி எட்டரை. பார்சல் வாங்கப் போனவன் இன்னும் கடை வாசலில் நின்றுகொண்டிருப்பான்.

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

முழுத்துண்டுக் கறியில் கிருமி இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சூடு பட்டதும் போய்விடும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டுக்கறிக் கொத்தால் செய்த ஹாம்பர்கரைச் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானவர்கள் படுத்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். கொத்துக்கறியின் உள்சூடு 71 டிகிரியைத் தொட வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கம் சொல்கிறது. நம்மிடம் அளக்கக் கருவி இல்லை என்றாலும், மூடி போட்டுக் கொதிக்கவிடுகிற அந்தப் பத்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொள்ளும். அதை மட்டும் குறைக்காதீர்கள்.

அடுத்த சிக்கல், கறிக்கடை திறந்திருக்கிற நேரமும் நாம் வீடு திரும்புகிற நேரமும் ஒத்துப்போகாது. ஃபிரிட்ஜ் இருந்தால், பச்சைக் கொத்துக்கறியை ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதைவிட நல்ல வழி, ஞாயிற்றுக்கிழமை வாங்கியதில் பாதியை உப்பு, மஞ்சள் போட்டு வேகவைத்து, ஆறியதும் டப்பாவில் போட்டு உள்ளே வைப்பது. மூன்று நாள் தாங்கும். திங்கள், புதன் ராத்திரிகள் அதில் ஓடிவிடும். செவ்வாய், வெள்ளியில்தான் பல வீடுகளில் கவிச்சி கிடையாதே! நம்ம பாட்டிமார்கள் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் கட்டித் தொங்கவிட்டு உப்புக்கண்டம் போட்டவர்கள். ஆனால் கொத்துக்கறியில் அந்த வித்தை செல்லாது. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் அன்றே வாங்கி அன்றே முடித்துவிடுங்கள்.

கறி வேண்டாமா? முட்டை இருக்கு!

மாசக் கடைசி, கையில் காசில்லை என்றால் கவலை வேண்டாம். நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்கு அலைவதா? 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் மண்டலத்துக்கென்று தனியாக முட்டை விலை அறிவிக்கிற அளவுக்கு இது கோழிப்பண்ணை பூமி. அதே வெங்காயம், அதே மிளகாய், அதே கறிவேப்பிலை. கறிக்குப் பதில் நாலு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் ஏழு நிமிஷத்தில் பொடிமாஸ். சைவம் என்றால் சோயா உருண்டையை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, கத்தியால் கொத்திக்கொள்ளுங்கள். கறிக்குச் சொன்ன அதே முறைதான், மூடி வேகவைக்கும் நேரம் ஐந்து நிமிஷம் போதும்.

அந்த மூன்றாவது பதில்

நேரமும் கிடைத்தது, முறையும் தெரிந்தது. இன்னும் பாக்கி இருப்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த மூன்றாவது காரணம். "சமையல் நமக்கெதுக்குங்க, அது பொம்பளைங்க வேலை."

நளன் யார் சார்? ராஜா. இருதுபன்ன மகாராஜா அரண்மனையில் சமைத்தவன். பீமன்? விராடன் அரண்மனையில் கரண்டி பிடித்தவன். நல்ல சாப்பாட்டுக்கு 'நளபாகம்' என்றும் 'பீமபாகம்' என்றும் ஆம்பளை பெயரைத்தான் வைத்திருக்கிறோம். இன்றைக்கும் கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு அண்டாவில் கிளறுகிறவர் பெரும்பாலும் ஆண்பிள்ளைதான். நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு லாரி ஓட்டிப் போகிற டிரைவரும் கிளீனரும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறாக்குகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர் போடப் போகிற ரிக் வண்டியோடு அரிசி, பருப்பு, பாத்திரமும் சேர்ந்தே போகிறது. அங்கெல்லாம் வராத வெட்கம், சொந்த வீட்டுச் சமையல்கட்டில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

சம்பளம் கிடைத்தால் அது தொழில், கிடைக்காவிட்டால் அது பெண்கள் வேலை. இதுதான் நாம் எழுதிவைத்திருக்கிற கணக்கு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

மனைவியும் ஆறரை மணிக்குத்தான் ஆபீஸிலிருந்து பஸ் ஏறுகிறார். அவருக்கும் அதே கூட்டம், அதே கால்வலி. அவர் வீட்டுக்குள் நுழையும்போது வெங்காயம் வதங்குகிற வாசனை எதிரே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தங்க வளையல் வாங்கிக் கொடுத்தால்கூட அப்படியொரு சிரிப்பைப் பார்க்க முடியாது. தங்கம் விற்கிற விலைக்கு இது ரொம்ப ரொம்ப லாபம்!

பின்குறிப்பு: சாப்பிட்டு முடித்ததும் அந்த வாணலியையும் நீங்களே கழுவி வையுங்கள். நளன் கழுவினானா என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். அவன் ராஜா, ஆள் வைத்திருப்பான்.